கீதா என்ற பெயரில் வழக்கு இல்லை

காட்பாடியில் மாடி அறை.
இருக்கிற ஒரே விசிறி மடிக்கணினிக்கு.
ஏப்ரல் கடைசி.
சரக்கு வண்டி கடந்து போகும்வரை
யாரும் பேசமாட்டோம்,
ஒலிப்பதிவு கெட்டுவிடும்.

சட்டம் நான்காம் ஆண்டு. ஒரு தொலைபேசி எண் செய்தோம்.
மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைக்கும்.
வழக்கு எண்ணைச் சொன்னால்
அடுத்த வாய்தா எப்போது என்று சொல்லும்.
அவ்வளவுதான்.
குரல் பெனினாவுடையது.
சர்ச்சில் வேதபாடம் வாசிப்பவள்,
ஒவ்வொரு எழுத்துக்கும் இடம் விட்டுப் பேசுவாள்.
'வணக்கம். உங்கள் வழக்கு பற்றி என்ன தெரிய வேண்டும்?'

முதல் வாரம் நாற்பத்திரண்டு அழைப்பு.
குடியாத்தம், ஒடுகத்தூர், பேரணாம்பட்டு,
அணைக்கட்டிலிருந்து ஆட்டுச் சத்தத்தோடு ஒன்று.
அதில் பதினேழு பேருக்கு இயந்திரம் சொன்ன பதில்:
'கீதா என்ற பெயரில் வழக்கு எதுவும் இல்லை.'

யாரந்தக் கீதா?
முனிரத்தினம் சாத்துவாச்சாரி கோர்ட்டின்
பட்டியல் முழுக்கத் தேடினான்.
ஒரு கீதாலட்சுமி கிடைத்தாள், செக் மோசடியில் எதிரி.
அவள் பதினேழு முறை கூப்பிட்டிருக்க மாட்டாள்.

இரவு இரண்டு மணிக்குத் தபசும் போன் செய்தாள்.
மேல்விஷாரத்துக்காரி,
வீட்டில் உருது, தெருவில் இந்தத் தமிழ்.
சிரிப்பை நிறுத்த முடியவில்லை அவளுக்கு.
'டேய், கேஸு கீதான்னு கேக்கறாங்கடா.
கீதா, இல்லியான்னு.'

நாங்கள் அதற்கு ஊட்டியது செய்தி வாசிக்கிற தமிழ்.
அதில் எல்லாமே இருக்கிறது.
எங்கள் பக்கம் எதுவும் இருப்பதில்லை,
கீது.
பாலாற்றில் தண்ணி இல்லை, மணலும் போய்விட்டது,
ஆறு கீது.

என் வீட்டிலும் கீதுதான்.
முதலாம் ஆண்டு, மாதிரி நீதிமன்றத்தில்
'கனம் கோர்ட்டார் அவர்களே, சாட்சி கீது' என்றேன்.
பின்வரிசை சிரித்தது.
அன்று வாயிலிருந்து கழற்றி வைத்தேன், பிறகு மாட்டவில்லை.
இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்த குரல்களில்
மூன்றில் ஒன்று என்னுடையது.
இதை மற்ற மூவருக்கும் நான் சொல்லவில்லை.

மறுநாள் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டேன்.
கீது. கீறாங்க. வந்துகினு கீறேன். இஸ்துகினு போறான்.
ஒவ்வொன்றும் ஐம்பது தடவை.
நாற்பதாவது தடவைக்கு மேல்
தெரு முனையில் யாரோ அப்படியே பேசுவதுபோல் இருந்தது.

கோடீஸ்வரி, பேரணாம்பட்டு.
பெயரில் ஏழு சுழி. கேட்பது முப்பத்தெட்டாயிரம்.
இருபத்திரண்டு வருஷம் பீடி சுற்றியவளைத்
தங்கள் ஆளே இல்லை என்கிறது கம்பெனி.
இதுவரை பதினொரு வாய்தா.
நீதிபதி இருந்தால் வக்கீல் இல்லை,
ரெண்டு பேரும் இருந்தால் ஃபைல் இல்லை.

ஞாயிறு ராத்திரி கூப்பிட்டாள்.
'நாளைக்கு கேஸு கீதா கண்ணு?'
'இல்லை. நீதிபதி விடுப்பு.
அடுத்த வாய்தா ஜூன் இருபத்துமூன்று.'
'அப்ப வர வாணாம்.'
துண்டிக்க மறந்துவிட்டாள்.
இலை வெட்டும் கத்தரிக்கோல்
நாற்பது நொடி கேட்டுக்கொண்டே இருந்தது.

கல்லூரிக்குத் தந்த அறிக்கையில்
'பயன்' என்ற கட்டத்தில் முனிரத்தினம் எழுதினான்:
எழுநூறு பீடி.
பேராசிரியர் சிவப்பு மையில் சுழித்து
'விளக்கவும்' என்று போட்டார்.
போகவர பஸ் இல்லை, கோர்ட்டு வாசலில் பசி இல்லை,
ஒரு திங்கட்கிழமை அவளிடமே இருந்தது.
இதற்குமேல் எப்படி விளக்க?

அந்த நாற்பது நொடியின் கடைசியில்
இன்னொன்றும் பதிவாகியிருந்தது.
எங்களிடம் இல்லை,
இலையிடம் கேட்டிருப்பாள்.
'நாயம் கீதா இதுல?'

இந்த முறை இயந்திரம் தடுமாறவில்லை.
கேள்வி: இதில் நியாயம் இருக்கிறதா?
பதில்: வெற்றுக் கட்டம்.

பெனினா தொண்டையைச் செருமிக்கொண்டு
'நான் என்ன வாசிக்கணும்?' என்றாள்.
சரக்கு வண்டி வந்தது.
அது போகட்டும் என்று காத்திருந்தோம்.